மரம் ஏறும் அருச்சுனனுக்கு எந்தக் கவசம்?

எங்கள் பெரியப்பா எமன் வேஷம் கட்டிய காலத்தில் அவருடைய மார்புக் கவசம் தேயிலைப் பெட்டியிலிருந்து வந்தது. ஒட்டுப்பலகையில் செய்து, மூலைக்கு மூலை தகரப்பட்டி அடித்து, உள்ளே வெள்ளித்தாள் விரித்த அந்தக் காலத்துப் பெட்டி. பலகையை நெஞ்சு அகலத்துக்கு அறுத்து, அதே பெட்டியின் வெள்ளித்தாளைக் கோதுமை மாக் கூழால் மேலே ஒட்டி, ஓரத்துக்கு அதே தகரப்பட்டியை மடித்து அடித்திருக்கிறார். நாலு மூலையிலும் சணல் கயிறு கோக்க ஓட்டை. உள்பக்கம் பார்த்தால் பெட்டியில் அச்சடித்த எழுத்தின் பாதி இன்னமும் தெரியும். எங்கள் லயத்துக் காம்பராவின் (தோட்டத்து வரிசை வீட்டு அறையின்) பரணில் அது இப்போதும் இருக்கிறது. போன மாதம் கடைத் தராசில் வைத்துப் பார்த்தேன். முன்பலகை மட்டும் 1 கிலோ 300 கிராம். பின்பலகையும் தோளும் சேர்த்தால் அந்த மனுசன் விடிய விடிய மூன்று கிலோவுக்கு மேல் சுமந்து தப்பு மேளத்துக்கு ஆடியிருக்கிறார்.

இதை இப்போது எழுதக் காரணம், பக்கத்து டிவிசன் கூத்துக் குழு என் கடைக்கு வந்தது. நான் இலங்கை மலையகத்தில் ஹட்டன் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கூத்து உடுப்புத் தைக்கத் தொடங்கிப் பதினொரு வருடம் ஆகிறது. அவர்கள் நீண்ட இடைவெளிக்குப் பிறகு அருச்சுனன் தபசு போடப்போகிறார்கள். ஈசனிடம் பாசுபத அம்பு கேட்டு அருச்சுனன் மரத்தில் ஏறித் தவம் செய்கிற கூத்து அது. பின்னால் அண்ணன் தம்பி வீரர்களின் கதையான பொன்னர் சங்கரும் நினைப்பில் இருக்கிறது. கையில் இருப்பது தோட்டத்தில் வீட்டுக்கு வீடு தண்டல் எடுத்த காசு. ஒரு தடவைதான் செலவழிக்க முடியும். தகரத்தில் செய்வதா, மட்டையில் செய்வதா, ரெஜிபோமில் (தெர்மோகோலில்) செய்வதா, இல்லை இப்போது பிள்ளைகள் யூடியூபில் பார்த்துச் செய்கிற ஃபோமிலா என்பதுதான் கேள்வி. இதே கேள்வியோடு வேறு தோட்டங்களிலும் ஆட்கள் இருப்பார்கள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எல்லாம் எழுதுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அருச்சுனனுக்கும் பொன்னருக்கும் சங்கருக்கும் ஃபோம். காமன் கூத்தில் தீப்பந்தத்தோடு வருகிற எமனுக்கும் வீரபத்திரனுக்கும் ஃபோம் வேண்டவே வேண்டாம். கிரீடம் யாருக்குமே ஃபோமில் வேண்டாம்.

குழுவோடு வந்த கூத்து வாத்தியார் ஒரே ஒரு அளவுகோல்தான் சொன்னார். "தம்பி, மரத்துல ஏறுறவன் கைய தலைக்கு மேல தூக்கணும். மினுமினுப்ப அப்புறம் பாத்துக்கலாம்." தபசுக்குப் போகிறவனுக்குக் கவசம் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. எங்கள் பக்கத்தில் அருச்சுனன் மார்புப் பதக்கமும் தோளில் புஜகீர்த்தியும் கட்டித்தான் மரத்துக்கு வருவான். பாசுபதம் வாங்கப் போகிற வில்லாளி என்று பார்க்கிற சனத்துக்குத் தெரியவேண்டும் அல்லவா? அவன் பாடிக்கொண்டே ஏறவேண்டும். பிறகு வேடனாக வருகிற ஈசனோடு பன்றிக்காக மல்லுக்கு நிற்கவேண்டும். ஆகவே அந்தக் கவசம் வளையவேண்டும், மூச்சை இறுக்கக்கூடாது, விழுந்து எழும்பினால் உடையக்கூடாது, பனியில் நனைந்தால் ஊறக்கூடாது. இந்த நாலையும் மனதில் வைத்துக்கொண்டுதான் ஒவ்வொன்றையும் பார்க்கிறேன்.

தகரம், மட்டை, ரெஜிபோம்

தகரத்துக்கு நிகரான மினுக்கம் எதிலும் இல்லை. பெட்ரோமக்ஸ் வெளிச்சமோ தீப்பந்தமோ பட்டால் அது உயிரோடு அசைவது மாதிரி இருக்கும். எந்தப் பெயின்டாலும் அதைக் கொண்டுவர முடியாது. ஆனால் 0.3 மில்லிமீட்டர் தகரமே சதுர மீட்டருக்கு இரண்டேகால் கிலோவைத் தாண்டும். ஓர் ஆளுக்கு முன், பின், தோள், முன்கை, கணைக்கால் எல்லாம் சேர்த்தால் ஏறக்குறைய ஒரு சதுர மீட்டர் வரும். பாரத்தை விட எனக்குப் பயம் விளிம்புதான். மடித்து அடிக்காத தகரம் அக்குளில் கத்தி. மரத்தில் கை தூக்குகிற ஒவ்வொரு தடவையும் அது அங்கேதான் உரசும். மாசி ராத்திரிக் குளிரில் வெறும் உடம்பில் தகரம் கட்டியவர்களைக் கேளுங்கள், நெஞ்சு விறைத்த கதை சொல்வார்கள்.

பெட்டி மட்டையும் காகிதக் கூழும் ஏறக்குறைய சும்மா கிடைக்கும். உருவம் செதுக்குவதற்கு அதைப்போல் கைக்கு அடங்கிய சாமான் கிடையாது. சிங்கமுகம், யாளிமுகம் எல்லாம் கூழில் அழகாக வரும். அதன் எதிரி எங்கள் வானிலை. ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியா பக்கம் மே மாதம் தொடங்கிச் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த ஐந்து மாதமும் சுவரே வியர்க்கும். நான் முதல் முதல் கூழில் செய்த தோள்பட்டை ஜூலையில் பூஞ்சணம் பிடித்து, ஆகஸ்டில் எலி கடித்து, மறுவருடம் மாசிக்கு எடுத்தபோது ஓரம் எல்லாம் மாவாக உதிர்ந்தது. புத்தகம் கட்டுகிறவர்கள் செய்வதுபோல் பசையில் கொஞ்சம் மயில்துத்தம் கலந்தால் பூச்சியும் பூஞ்சணமும் அண்டாது. ஆனால் அது நஞ்சு. பிள்ளைகள் கை வைக்கிற இடத்தில் அதைக் கலக்க எனக்கு மனம் வரவில்லை. பண்டாரவளை, பதுளைப் பக்கத்தில் மழைக்கணக்கு வேறு. அங்கே பெருமழை ஒக்டோபருக்குப் பிறகு வடகீழ்ப் பருவத்தோடு வரும். நடுவருடம் நல்ல வெயில் கிடைக்கும். அந்தப் பக்கத்தார் ஜூன், ஜூலையில் கூழ் வேலை செய்து நன்றாகக் காயவைத்துக்கொள்ளலாம். எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

ரெஜிபோம் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். மேடைக்குப் பின்னால் வைக்கிற கோட்டை, தூண், தேர்ச்சக்கரம் எல்லாவற்றுக்கும் நல்லது. உடம்பில் கட்டுவதற்கு ஆகாது. குனிந்தால் முறியும். செருப்புப் பசை பட்டாலும் ஸ்ப்ரே பெயின்ட் பட்டாலும் சீனி கரைவதுபோல் கரையும், ஏனென்றால் அவற்றில் இருக்கிற கரைப்பான் பொலிஸ்டைரீனைத் தின்றுவிடும். சூடான கம்பியில் வெட்டினால் வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும். பள்ளிக்கூட விழாவில் பத்து நிமிடம் அசையாமல் நிற்கப்போகிற அரசனுக்கு வேண்டுமானால் செய்யுங்கள்.

ஃபோம் என்றால் எந்த ஃபோம்

கடையில் ஃபோம் என்று கேட்டால் மூன்று விதமான சாமானைக் காட்டுவார்கள். மூன்றும் வேறு வேறு.

முதலாவது மெத்தை ஸ்பொஞ். கண்ணறை, அதாவது உள்ளே இருக்கிற சின்னத் துளை, திறந்திருக்கும், தண்ணீரை உறிஞ்சும். பனியில் நின்றால் ஈரத்துணிபோல் கனக்கும். உள்ளே தோள் மெத்தையாக வைக்கலாம், வெளியே கூடாது.

இரண்டாவது டீவி, ஃபிரிஜ் பெட்டிகளோடு வருகிற வெள்ளை பொலித்தீன் ஃபோம். சும்மா கிடைப்பதால் கை தானாகப் போகும். அதில் பசையும் பிடிக்காது, பெயின்டும் நிற்காது. விரலால் இழுத்தாலே தோல் உரிவதுபோல் மேல்பூச்சு உரிந்து வரும். நான் இரண்டு செட் வீணாக்கியிருக்கிறேன், நீங்கள் வீணாக்கவேண்டாம்.

மூன்றாவதுதான் நமக்கு வேண்டியது. ஈவீஏ ஃபோம். எத்திலீன் வைனைல் அசிட்டேட் என்பது முழுப்பெயர். முன்பள்ளிகளில் தரையில் ஒன்றோடொன்று கோத்து விரிக்கிற கலர்ப் பாய், உடற்பயிற்சிப் பாய், சிலிப்பரின் அடி எல்லாம் இந்தச் சாமான்தான். கண்ணறைகள் மூடியிருப்பதால் தண்ணீர் ஊறாது, துடைத்தால் போதும். சூடு காட்டினால் இளகும், வளைத்துப் பிடித்து ஆறவிட்டால் வளைந்தபடி நிற்கும். பத்து மில்லிமீட்டர் தடிப்பில் சதுர மீட்டருக்கு, மெதுவான (மிருதுவான) பாய் 400 கிராம் அளவிலும் நல்ல இறுக்கமானது ஒரு கிலோ அளவிலும் வரும். பெரியப்பாவின் பலகை மூன்று கிலோவுக்கு மேல், தகரம் சதுர மீட்டருக்கு இரண்டேகால் கிலோவுக்கு மேல் என்பதை இதோடு வைத்துப் பாருங்கள்.

வாங்கும்போது பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய குழி மெல்ல மெல்ல எழும்பினால் அது மெதுவான சாமான், வாளடி பட்ட இடத்தில் தழும்பு நிற்கும். சட்டென்று எழும்பினால் வாங்கலாம். மெதுவானது மலிவு, வளைக்கவும் சுலபம். மரமேறுகிற அருச்சுனனுக்கு அதுவே போதும். மரவாளால் மோதப்போகிற பொன்னருக்கும் சங்கருக்கும் இறுக்கமானதை வாங்குங்கள். ஹட்டன் டவுனில் கிடைக்காவிட்டால் கொழும்பு புறக்கோட்டைக்குப் போகிற யாரிடமாவது சொல்லி அனுப்பலாம். சுருட்டிக் கட்டினால் ரயிலில் கொண்டுவரப் பாரமே இருக்காது. அறுபது சென்டிமீட்டர் சதுரப் பாய் என்றால் நடுத்தர உடம்புக்கு மூன்று போதும். வெட்டுப் பிழைத்தால் என்று நாலாவது ஒன்று. பெரிய தட்டுகளுக்குப் பத்து மில்லிமீட்டர், மேலே ஒட்டுகிற பூவேலைக்கு இரண்டோ மூன்றோ மில்லிமீட்டர். புதுப்பாயை இரண்டு நாள் வாசலில் காற்றாட விரித்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கவேண்டும், அந்த வாடை லேசானதல்ல.

தையல்காரனாக எனக்கு ஃபோம் பிடித்துப்போன காரணம் ஒன்று இருக்கிறது. அதைத் துணிபோல் வெட்டலாம். பிளவுசுக்கு டக் பிடிப்பதுபோல் ஒரு முக்கோணத்தை வெட்டி எடுத்து, இரண்டு விளிம்பையும் சேர்த்து ஒட்டினால் நெஞ்சு மேடு தானாக எழும்பும். மாதிரி எடுக்க ஆளுக்குப் பழைய பெனியன் ஒன்றைப் போட்டு, மேலே அகல டேப்பை இறுக்கமாகச் சுற்றி, பேனையால் கோடு போட்டு, வெட்டிக் கழற்றிக் காகிதத்தில் விரிப்பேன்.

துணிக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் தடிப்பு. முதல் தடவை எல்லோரும் தவறுவது இங்கேதான். மார்பு 36 அங்குலம் உள்ளவருக்குப் பத்து மில்லிமீட்டர் ஃபோமைச் சுற்றினால் உள்முகம் 36, வெளிமுகம் 38½ ஆகிவிடும். தடிப்பின் நடுப்பகுதிதான் நீளாமலும் சுருங்காமலும் இருக்கும். ஆகவே 37¼ அங்குலத்துக்கு வெட்டவேண்டும். எங்கள் ஊரில் இன்னொரு இரண்டு அங்குலம் சேருங்கள். ராத்திரி இரண்டு மணிக்குக் குளிர் தாங்காமல் எந்த அருச்சுனனும் உள்ளே சுவெட்டர் போடுவான். பக்கவாட்டைத் திறந்துவிட்டு நாடா கோத்துக் கட்டினால் இன்னும் நல்லது, ஏறும்போது மூச்சு முட்டாது.

சூடு காட்டுவதற்கு எல்லோரும் ஹீட் கன்தான் சொல்வார்கள். நல்ல சாமான்தான். ஆனால் 2000 வாட் ஹீட் கன் எட்டு அம்பியருக்கு மேல் இழுக்கும். லயத்தில் இருக்கிற 5 அம்பியர் உருண்டைச் சொக்கட்டில் அடாப்டர் போட்டு அதைக் கொழுவினால் வயர் சூடேறும். 13 அம்பியர் சொக்கட்டும் நல்ல வயரிங்கும் இருக்கிற இடத்தில் மட்டும் பாவியுங்கள். இல்லாவிட்டால் அயன்பெட்டி. 1000 வாட் அயன்பெட்டிக்கு நாலரை அம்பியர்கூட வேண்டாம். பருத்தித்துணி ஒன்றை மேலே விரித்து, குறைந்த சூட்டில், ஓரிடத்தில் நிறுத்தாமல் தேய்த்தால் பாயின் மேல்தோல் இறுகி, லேசாக மினுங்கத் தொடங்கும். கண்ணறைகள் மூடுகிற அடையாளம் அது. பாயின் வரிவரியான பக்கம் உள்ளே இருக்கட்டும்.

தோள்பட்டையை நான் சில்வர் குடத்தில்தான் வளைக்கிறேன். சூடேறித் துவண்ட துண்டைக் குடத்தின் வயிற்றில் வைத்து, இரண்டு உள்ளங்கையாலும் ஓரத்தைக் கீழே இழுத்துப் பிடிக்கவேண்டும். குடத்துக்குள் பச்சைத்தண்ணீர் இருந்தால் இன்னும் சுருக்காக ஆறும். கொழும்பு வெக்கையில் இதற்கு நேரம் எடுக்கும். இங்கே ஐம்பது எண்ணுவதற்குள் ஃபோம் அப்படியே நின்றுவிடுகிறது. குடத்தின் கழுத்து வளைவு புஜகீர்த்தியின் மேல்வளைவுக்குச் சரியாகப் பொருந்தும். சூடு அதிகமானால் மேல்தோல் கொப்பளிக்கும், அந்தத் துண்டைத் திரும்பச் சரியாக்க முடியாது.

வெட்டுவதற்குப் பேப்பர் கட்டர். ஃபோம் அலகைச் சீக்கிரம் மழுங்கடிக்கும், மழுங்கிய அலகு வெட்டாமல் பிய்க்கும். அலகின் நுனியை உடைத்து உடைத்துப் புதுமுனை எடுங்கள். இந்த இடத்தில் சிக்கனம் பார்த்தால் ஒட்டுவாய் நேராக வராது.

இங்கே தோற்பது பசைதான்

ஃபோம் கவசம் கிழிந்து நான் பார்த்ததில்லை. ஒட்டுவாய் விட்டுப்போய்த்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே காசு கணக்குப் பார்க்கிறவர்கள் பாயில் மிச்சம் பிடிக்கலாம், பசையில் பிடிக்கவேண்டாம்.

இரண்டு வழி இருக்கிறது. ஒன்று குளூ கன், அதாவது உருக்கி ஒட்டுகிற குச்சி. குச்சிப் பசையும் பெரும்பாலும் ஈவீஏதான், ஃபோமோடு நல்ல உறவு. கடும் வாடை இல்லை, பிள்ளைகள் இருக்கிற வீட்டில் பாவிக்கலாம். ஆனால் எங்கள் குளிரில் குச்சியிலிருந்து வருகிற பசை ஃபோமைத் தொட்ட உடனே இறுகிவிடுகிறது. நீளமான ஒட்டுவாயை இந்த முனையில் தொடங்கி அந்த முனைக்குப் போவதற்குள் முதலில் வைத்தது கல்லாகியிருக்கும். வளைகிற இடத்தில் வெடித்துப் பிரியும். பூவேலை, மணி, கொக்கி ஒட்ட மட்டும் நான் அதை எடுக்கிறேன்.

மற்றது செருப்புத் தைக்கிறவர்கள் பாவிக்கிற மஞ்சள் பசை. இரண்டு விளிம்பிலும் மெல்லிசாகப் பூசி, பத்துப் பதினைந்து நிமிடம் விட்டு, விரலால் தொட்டால் ஒட்டாத பதத்தில் இரண்டையும் சேர்த்து அழுத்தவேண்டும். சேர்த்தால் சேர்த்ததுதான், பிரித்துத் திரும்ப வைக்க முடியாது. வளைந்தாலும் விடாது. கவசத்தின் முக்கியமான ஒட்டுவாய்கள் எல்லாம் இதில்தான் இருக்கவேண்டும். செருப்புக்கடைக்காரரிடம் கேட்டால் சின்ன டப்பாவில் ஊற்றித் தருவார், பெரிய டின் தேவையில்லை.

இந்தப் பசைக்குக் குளிரும் ஈரமும் ஆகாது. இதே வகைப் பசை செய்கிற பல கம்பனிகள் 18 பாகைக்குக் கீழே ஒட்டவேண்டாம் என்று சொல்கின்றன. நுவரெலியாவின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகை அளவுதான். சனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் அங்கே உறைபனி விழுந்து கொழுந்து கருகுகிற நாட்களும் உண்டு. பசையில் இருக்கிற கரைப்பான் ஆவியாகும்போது பூசிய இடம் இன்னும் குளிரும். சுற்றிலும் மிஸ்ட் இருந்தால் காற்றின் ஈரம் அந்தக் குளிர்ந்த மேற்பரப்பில் படியும். கண்ணாடியில் மூச்சு விட்டதுபோல் வெள்ளையாக ஒரு திரை. தொட்டால் காய்ந்த மாதிரியே இருக்கும். அழுத்தினால் ஒட்டிய மாதிரியே இருக்கும்.

எனக்கு அது நடந்தது. நான் முதலில் செய்த ஃபோம் கவசம் அது. ஜன்னலால் மிஸ்ட் உள்ளே வருகிற சாயங்காலத்தில், நாளைக்குக் கூத்து என்ற அவசரத்தில் தோள் இரண்டையும் ஒட்டினேன். அந்த வெள்ளைத் திரையைப் பார்த்தேன், என்னவென்று தெரியவில்லை. மறுநாள் ராத்திரி ஆட்டம் ஏறிய நேரம் இடது தோள் முழுதாகக் கழன்று தொங்கியது. ஆடிக்கொண்டிருந்தவர் பாட்டை நிறுத்தவில்லை. இடுப்புத் துண்டை உருவித் தோளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு முடித்தார். காப்புக் கட்டி விரதம் இருந்து வேஷம் போட்டவர் அவர். அவருக்கு நான் கொடுத்த சாமான் அப்படி இருந்தது என்பது இன்றுவரைக்கும் என் மனதில் நிற்கிறது.

அதன் பிறகு நான் ஒட்டுவது பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடையில் மட்டும். வெயில் விழுகிற நாளாகப் பார்த்து, ஃபோம் துண்டுகளை முதலில் வெயிலில் காயவைத்து, அந்த இளஞ்சூட்டோடு பசை பூசுகிறேன். மேற்குப் பக்கத்து மலைகளில் சனவரி முதல் மார்ச் வரைதான் வருடத்திலேயே காய்ந்த மாதங்கள், ஆகவே மாசிக் கூத்துக்கு வேலை செய்ய நேரம் தோதாகவே அமைகிறது. வெள்ளைத் திரை தெரிந்தால் அழுத்தாதீர்கள். அது முற்றிலும் போகும்வரை காத்திருந்து, இன்னொரு தடவை மெல்லிசாகப் பூசுங்கள். ஒட்டிய பிறகு ஒருநாள் முழுக்கத் தொடாமல் வையுங்கள்.

இதைக் காம்பராவுக்குள் செய்யவேண்டாம் என்று கும்பிட்டுக் கேட்டுக்கொள்கிறேன். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, அடுப்பும் படுக்கையும் கிட்டக்கிட்ட, குளிருக்கு ஜன்னலைச் சாத்தியிருப்போம். அந்தப் பசையின் ஆவி தலையைச் சுற்றவைக்கும், பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதி. அடுப்பு எரிந்தால் ஆவி நெருப்புப் பிடிக்கும். வாசலில், காற்றில், பீடியும் தீப்பெட்டியும் இல்லாத இடத்தில் ஒட்டுங்கள்.

மேல்பூச்சு

நேரே பெயின்ட் அடித்தால் ஃபோம் உறிஞ்சும், வளைந்தால் வெடிக்கும். முதலில் ஒரு தோல் போடவேண்டும். தச்சர்கள் பாவிக்கிற வெள்ளைப் பசையைத் தண்ணீரில் இளக்கி மூன்று நாலு தடவை பூசுவது மலிவான வழி. அதன் குறை, பனி பட்டுக்கொண்டே இருந்தால் திரும்பப் பால்போல் வெளுக்கும். ஆகவே மேலே வார்னிஷ் கட்டாயம்.

எனக்குப் பிடித்தது இறப்பர் பால். இறப்பர் தோட்டங்கள் இருக்கிற யட்டியாந்தோட்டை, தெஹியோவிட்டப் பக்கம் சொந்தக்காரர்கள் இருப்பவர்கள் ஒரு போத்தல் கேட்டு வாங்கலாம். அமோனியா கலந்து கெட்டுப்போகாமல் வைத்திருக்கிற பாலாக இருக்கவேண்டும். தூரிகையால் மெல்லிசாக நாலு தடவை. ஃபோம் எப்படி வளைகிறதோ அப்படியே இதுவும் வளையும், வெடிப்பே வராது. இறப்பர் பால் ஒத்துக்கொள்ளாமல் தடிப்பு விழுகிறவர்கள் உண்டு, ஆகவே உள்பக்கம் பூசாதீர்கள். தேங்காயெண்ணெய் பூசிய உடம்பு பட்டாலும் அது பிசுபிசுக்கும்.

இன்னொரு விடயம், இதைப் பலர் கவனிப்பதில்லை. தங்கக் கலருக்கு நாம் வாங்குகிற பித்தளைப்பொடியில் செம்பு இருக்கிறது. செம்பு பட்ட இறப்பர் நாளாக நாளாக இற்றுப்போகும். இறப்பர் பாலில் நேரே தங்கப்பொடியைக் குழைத்துப் பூசினால் அந்த வருடம் பார்க்க அழகாக இருக்கும், பிறகு ஒட்டிக்கொண்டு உரியும். பாலின் மேல் கறுப்பு அக்ரிலிக் ஒரு பூச்சு, அது நன்றாகக் காய்ந்த பிறகு அக்ரிலிக் தங்கக் கலர் என்று போங்கள். தங்கத்தை முழுவதும் பூசாமல், தூரிகையைத் துணியில் துடைத்துவிட்டு மேடுகளில் மட்டும் லேசாகத் தடவுங்கள். பள்ளங்களில் கறுப்பு நிற்கும். பல்ப் வெளிச்சத்தில் இருபதடி தள்ளி நின்று பார்ப்பவர் அதைத் தட்டி எடுத்த உலோகம் என்றுதான் சொல்வார்.

நெருப்பும் கிரீடமும்

காமன் கூத்தில் மன்மதனை எரிக்கிற இடத்தில் இருப்பது உண்மையான நெருப்பு. தீப்பந்தம் சுற்றுகிறவர்களும் உண்டு. ஈவீஏ எரிந்தால் உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டினால் தட்டிவிட முடியாது. மேலே பூசிய இறப்பரும் பெயின்டும் எரிபொருள்தான். ஆகவே நெருப்புக்குக் கிட்டப் போகிற எந்தப் பாத்திரத்துக்கும் நான் ஃபோம் செய்து கொடுப்பதில்லை, எவ்வளவு கேட்டாலும். எமனுக்கும் வீரபத்திரனுக்கும் தடித்த பருத்தித்துணியில் ஜாக்கெட் தைத்து, அதன் மேல் உள்ளங்கை அகலத் தகரத் தட்டுகளை ஓரம் மடித்துத் தைத்துவிடுகிறேன். பெரிய தகடு இல்லாததால் பாரமும் குறைவு, ஆடும்போது தப்போடு சேர்ந்து சத்தமும் வரும்.

கிரீடத்தின் காரணம் வேறு. ஃபோமைக் கையில் எடுத்துப் பார்த்த வாத்தியார் கேட்டார்: "இது செருப்பு செய்யுற சாமான் தானே? இதையா சாமி தலையில வைக்கிறது?" கடையில் கூடியிருந்த இளம் பையன்களில் ஒருவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கூத்து எங்களுக்கு நேர்த்தி. வேஷம் கட்டியவரை அந்த ராத்திரி சாமியாகப் பார்த்துக் கும்பிடுகிற கிழவிகள் இருக்கிறார்கள். அவர்கள் மனதில் ஒரு உறுத்தல் வந்தால் நான் செய்த வேலைக்கு என்ன மதிப்பு? கிரீடம் கலியாண முருங்கைபோன்ற பாரமில்லாத மரத்திலோ கூழிலோ இருக்கட்டும், தலைக்கு அந்தக் கொஞ்சப் பாரம் ஒன்றும் செய்யாது. வருடம் முழுவதும் அதைத் துணியில் சுற்றி அடுப்படிப் புகை படுகிற உயரத்தில் தொங்கவிட்டால் பூஞ்சணமும் வராது. மார்புக்கும் தோளுக்கும் ஃபோம் என்றால், ஒருவரும் கால் வைக்காத புதுப்பாயை மட்டும் வாங்குவது என்று வாத்தியாரோடு பேசி முடிவெடுத்தோம். முன்பள்ளியில் கழித்துப்போட்ட பாய் சும்மா தருவதாகச் சொன்னார்கள், வேண்டாம் என்று விட்டோம்.

பொன்னர் சங்கருக்கு வந்தால் ஃபோமின் நல்ல குணம் ஒன்று கூடுதலாகத் தெரியும். மரவாள் தோளில் பட்டால் பெரியப்பா காலத்துப் பலகை அடியை எலும்புக்கு அனுப்பும், ஃபோம் தனக்குள் வாங்கிக்கொள்ளும். அண்ணனுக்கும் தம்பிக்கும் ஒரே மாதிரியில் வெட்டி, கலரை மட்டும் மாற்றினால் போதும். ஒரே அளவுக் காகிதம் இரண்டு தடவை உதவும்.

ஆகக்கடைசியில் குழுவின் காசை இப்படிப் பிரித்தோம். அருச்சுனனுக்கு மெதுவான பாய் நாலு, பசை அரை லீற்றர், கறுப்பும் தங்கமும் சின்னப் போத்தல் ஒவ்வொன்று. இறப்பர் பால் தெஹியோவிட்டையிலிருந்து வாத்தியாரின் மருமகன் கொண்டுவருகிறார். கிரீடத்துக்குப் பழையதையே திருத்துகிறோம். மிஞ்சியதை இறுக்கமான பாய்க்கு ஒதுக்கியிருக்கிறோம், பொன்னர் சங்கர் நாள் குறித்த பிறகு அதை வாங்குவதாக இருக்கிறது. பாய் நாலும் இப்போது என் கடை வாசலில் வாடை போக விரித்துக் கிடக்கின்றன. அருச்சுனன் வேஷம் கட்டப்போகிற தம்பி ஞாயிற்றுக்கிழமை வருவார், சுவெட்டரையும் போட்டுக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.